கடல்குதிரை ஆசையும் ஒன்றரை அடித் தொட்டியும்: தர்மபுரி, கிருஷ்ணகிரி வீடுகளுக்கு எது சரிப்படும்?

குள்ளக் கடல்குதிரை மேல் ஆசை வைப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று, தொட்டி சின்னது போதும். ஒன்றரை அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் என்று கண்ணாடிக் கடையில் சொல்லி ஒட்டி வாங்கும் தொட்டியில், விளிம்பு விட்டு நிரப்பினால் 38 லிட்டர் சொச்சம் பிடிக்கும். கடல்மீன் என்றாலே நூறு லிட்டருக்கு மேல் பேசுகிற உலகத்தில் இது சின்ன அளவு. இரண்டாவது, அது இரை பிடிக்கும் அழகு. வாலால் ஒரு புல்லைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கும். இரண்டு கண்ணும் தனித்தனியாகத் திரும்பும். இரை மூக்கருகே வந்ததும் ஒரு சொடுக்கு, அவ்வளவுதான்.

இந்த இரண்டுக்கும் ஈடு கொடுக்கிற மீன் நம் பக்கத்துத் தண்ணீருக்கும் வெயிலுக்கும் ஒத்து வருமா என்பதுதான் கேள்வி. ஒப்பிட்டுப் பார்க்க நான்கு வழிகள்: குள்ளக் கடல்குதிரை, கோமாளி மீன் ஜோடி, பீ பஃபர் என்று கடைகளில் விற்கும் குட்டிப் பேத்தை மீன், ஸ்கார்லெட் பாடிஸ் என்ற குட்டி நன்னீர் மீன்.

முதல் வழி சட்டத்திலேயே அடைபட்டுவிடுகிறது

குள்ளக் கடல்குதிரையின் அறிவியல் பெயர் ஹிப்போகாம்பஸ் சோஸ்டெரே. மெக்சிகோ வளைகுடா, ஃப்ளோரிடா, பஹாமாஸ் பக்கத்துக் கடல்புல் படுகைகள்தான் அதன் ஊர். இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் உயரம், ஆயுள் ஏறக்குறைய ஒரு வருடம்.

இந்தியாவில் கடல்குதிரைகளும் குழல் மீன்களும் சேர்ந்த சிங்நாத்திடே குடும்பம் முழுவதும் 2001இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. அமெரிக்க இனம் என்றோ, தொட்டியில் பிறந்த குஞ்சு என்றோ அந்தப் பட்டியலில் விலக்கு எதுவும் எழுதப்படவில்லை. 2004 முதல் எல்லாக் கடல்குதிரைகளும், அருகிவரும் உயிரினங்களின் நாடு கடந்த வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பின்னிணைப்பிலும் இருப்பதால், நாடு விட்டு நாடு கொண்டுவரவும் தனி ஆவணம் வேண்டும். ஆகவே "பெங்களூருவில் ஒருத்தர் தருகிறார்", "ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வரும்" என்று யார் சொன்னாலும் வாங்காதீர்கள். இரண்டாவதாகச் சொல்வது பெரும்பாலும் மன்னார் வளைகுடாவின் பெரிய கடல்குதிரை. அதுவும் அதே பட்டியல்தான். பிடிபட்டால் விற்றவருக்கு மட்டுமல்ல, வைத்திருப்பவருக்கும் சிறைத் தண்டனை உண்டு.

இன்னொரு பொறி நன்னீர்க் குழல் மீன். "கடல்குதிரை மாதிரியே இருக்கும், உப்பும் வேண்டாம்" என்று காட்டுவார்கள். அதுவும் சிங்நாத்திடே குடும்பம்தான்.

சட்டம் தடுக்காத நாட்டில் உறவினர் யாராவது இருந்து, அங்கே வளர்க்கலாமா என்று கேட்டால் என்ன சொல்வது? அதற்காகவும், மற்ற மூன்று மீன்களை அளக்க ஓர் அளவுகோல் வேண்டும் என்பதற்காகவும் அதன் தேவைகளைப் பார்த்துவிடலாம்.

கடல்குதிரைக்கு இரைப்பை கிடையாது. தின்றது சீக்கிரமே வெளியே போய்விடும். அதனால் நாளுக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு நாளும், உயிருள்ள ஆர்ட்டீமியா (உப்பு நீரில் வாழும் மிகச் சின்ன இறால் வகை உயிரி) குஞ்சுகள் தர வேண்டும். ஒரு குதிரை ஒரு நாளில் நூற்றுக்கணக்கில் தின்னும். தொட்டி சின்னதாக இருக்க வேண்டிய காரணமும் இதுதான். நூறு லிட்டரில் அந்தக் குஞ்சுகள் பரவிப்போனால், துரத்தத் தெரியாத குதிரை பட்டினி கிடக்கும். சின்னத் தொட்டியில் இவ்வளவு இரை அடர்த்தி எப்படியும் தண்ணீரை அழுக்காக்கும், அழுக்கு எப்படியும் பாக்டீரியாவை வளர்க்கும். தண்ணீர் 22 முதல் 25 டிகிரிக்குள் நின்றால் சமாளிக்கலாம். 26ஐத் தாண்டினால் விப்ரியோ வகை பாக்டீரியாக்கள் முந்திக்கொள்ளும். ஒகேனக்கல் சாலையில் ஏப்ரல் மாதம் நடந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அடுத்த எதிரி ஹைட்ராய்டு என்ற கொட்டும் குட்டி உயிரி. நூலிழை போல் கண்ணாடியில் ஒட்டியிருக்கும். ஆர்ட்டீமியா வளர்க்கும் பாத்திரம் வழியாகவோ கடல் கல் வழியாகவோ வந்து, ஆர்ட்டீமியாவைத் தின்று பெருகி, கடைசியில் குதிரைக் குஞ்சையும் கொட்டிக் கொல்லும். ஆட்டுக்குக் குடற்புழு நீக்கத் தரும் ஃபென்பெண்டசோல்தான் இதற்கும் மருந்து. ஒரே ஒரு நாள் இரை பொரிக்காமல் போனாலும் குதிரை தாங்காது. பொங்கலுக்கு மூன்று நாள் ஊருக்குப் போக முடியாத வீட்டுக்குத்தான் அது பொருந்தும்.

தண்ணீர், வெயில், கரண்ட்

எந்த மீனாக இருந்தாலும் இந்த மூன்றும் இரண்டு மாவட்டத்திலும் முடிவைத் தீர்மானிக்கும்.

இங்கே வீட்டுக்கு வரும் தண்ணீர் இரண்டு வகை. போர் தண்ணீர் கடினமானது, பல ஊர்களில் ஃப்ளோரைடும் அதிகம். அதற்காகவே வந்ததுதான் 2013இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். மீன் வளர்ப்பில் ஃப்ளோரைடைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. கடல் நீரிலேயே லிட்டருக்கு ஏறக்குறைய 1.3 மில்லிகிராம் இருக்கிறது. கவனிக்க வேண்டியது மொத்தக் கரைபொருள், அதாவது டி.டி.எஸ்., கூடவே வயலோரக் கிணறுகளில் நைட்ரேட். டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி முதலில் அளந்து பாருங்கள். இதைச் செய்யாமல் மீன் வாங்கப் போவது அளவெடுக்காமல் ஜன்னல் செய்யச் சொல்வது போல.

ஒகேனக்கல் தண்ணீரில் குளோரின் இருக்கும். திறந்த வாளியில் ஏர் பம்ப் போட்டு ஒரு நாள் விடலாம். அவசரமென்றால் சோடியம் தயோசல்ஃபேட் 1 கிராமை 100 மி.லி. நீரில் கரைத்து வைத்துக்கொண்டு, 10 லிட்டர் வாளிக்கு 10 மி.லி. ஊற்றினால் போதும்.

வெயிலைப் பொறுத்தவரை ஓசூர் வேறு, தர்மபுரி வேறு. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் அதில் பாதிக்குச் சற்று மேலே. தர்மபுரியில் மொட்டை மாடிக்குக் கீழ் அறையில் வைத்த சின்னத் தொட்டி கோடையில் 31, 32 டிகிரிக்குப் போய்விடும். முதல் வேலை, தொட்டியைக் கீழ்த்தளத்தில் வடக்குச் சுவரோரம் நகர்த்துவது. இரண்டாவது, நீர்ப்பரப்பின் குறுக்கே ஒரு சின்ன 12 வோல்ட் மின்விசிறி. இந்தத் தந்திரம் சென்னையைவிட நம் பக்கம் நன்றாக வேலை செய்யும். காற்று உலர்ந்திருப்பதால் நீர் வேகமாக ஆவியாகிறது, ஆவியாகும்போது சூட்டைக் கொண்டுபோகிறது. இரண்டு மூன்று டிகிரி எளிதாக இறங்கும். ஐஸ் பாட்டில் போடுகிறவர்கள் கணக்கைப் பார்க்க வேண்டும்: உறைந்த அரை லிட்டர் பாட்டில் 40 லிட்டர் தொட்டியை ஒன்றரை டிகிரிகூடக் குறைக்காது, அதுவும் ஒரு மணி நேரத்தில் போய்விடும்.

மின்விசிறிக்கு ஒரு விலை உண்டு. 40 லிட்டர் கடல்நீரில் ஒரு நாளைக்கு 1 லிட்டர் ஆவியானால் நீர் மட்டும்தான் போகும், உப்பு போகாது. ஆயிரத்துக்கு 35 பங்கு என்றிருந்த உப்பளவு மூன்று நாளில் 37.8 ஆகிவிடும். கடல் தொட்டியில் தினமும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றி மட்டத்தைக் காப்பாற்ற வேண்டும். நன்னீர்த் தொட்டியில் இரண்டு நாள் மறந்தாலும் ஒன்றும் ஆகாது.

கரண்ட் செலவு: 5 வாட் மின்விசிறி நாள் முழுக்க ஓடினாலும் மாதம் 3.6 யூனிட். தண்ணீரைக் குளிர்விக்கும் 150 வாட் சில்லர் நாளுக்கு 10 மணி நேரம் ஓடினால் மாதம் 45 யூனிட். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்குக் கிடைக்கும் 100 யூனிட் சலுகையில் 90ஐ அதுவே விழுங்கிவிடும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை முதல் மாலை வரை கரண்ட் நிற்கும் நாளுக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று அவசியம். ஸ்பாஞ்ச் ஃபில்டர் அந்த ஏர் பம்பிலேயே ஓடும் என்பதால், சின்னத் தொட்டிக்கு மோட்டார் ஃபில்டரைவிட அதுதான் நல்லது.

கோமாளி மீன் ஜோடி

கடல் மீன்தான் வேண்டும் என்று பிடிவாதம் இருந்தால் நியாயமான வழி இது. ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்திலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மையம் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யும் முறையை உருவாக்கியிருக்கிறது. ஆகவே கடலில் பிடித்ததை வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. தொட்டியில் பிறந்த மீன் குச்சித் தீவனம் தின்னும், 28 டிகிரி வரை கவலை இல்லாமல் வாழும், பத்து வருடத்துக்கு மேலும் இருக்கும்.

ஆனால் ஒன்றரை அடித் தொட்டி போதாது. இரண்டு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம், அதாவது 70 லிட்டராவது வேண்டும். செயற்கைக் கடல் உப்பு லிட்டருக்கு 36 முதல் 38 கிராம். வாரம் பத்து சதவீதம் மாற்ற 7 லிட்டர், அதற்கு 260 கிராம் உப்பு. மாதம் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். வீட்டு ஆர்.ஓ. இருக்கிறதே என்று மகிழ்வதற்கு முன் அதன் வெளிவரும் நீரை அளங்கள். குடிக்கச் சுவையாக இருக்கட்டும் என்று சுத்திகரிக்காத நீரைக் கொஞ்சம் கலந்துவிடும் திருகு ஒன்று அதில் இருக்கும். அதை மூடினால்தான் டி.டி.எஸ். கீழே வரும். உப்பை அளக்க மிதவைக் கருவியை நம்பாமல், ஒளி விலகலை வைத்து உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கிவிடுங்கள்.

இங்கேயும் சட்டம் ஒரு மூலையில் நிற்கிறது. பவளப் பாறைத் துண்டுகளைத் தொட்டியில் அடுக்கும் பழக்கம் வெளிநாட்டுக் காணொளிகளிலிருந்து வந்தது. இங்கே பவளமும் பாதுகாக்கப்பட்ட உயிர். பாக்டீரியா குடியேற பீங்கான் வளையங்கள், பீங்கான் கட்டிகள் போதும். உப்புத் தண்ணீர் தயாரான பிறகு மீன் விட நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்; மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா பெருக அவ்வளவு நாள் பிடிக்கும். சோதனைக்கு அம்மோனியா 2 பி.பி.எம். (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) போட்டால் 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக வேண்டும். அந்த நாள் வரும்வரை பொறுமைதான். கோமாளி அழகுதான், ஆனால் கடல்குதிரையில் உங்களைக் கவர்ந்த அந்த நின்று வேட்டையாடும் குணம் இதில் கிடையாது. எனக்கென்ன, தீவனம் போடு என்று மேலே வந்து நிற்கும்.

இரண்டு குட்டி வேட்டைக்காரர்கள்

பீ பஃபர் கேரளத்துப் பம்பை முதலான ஆறுகளில் வாழும் பேத்தை மீன். முழு வளர்ச்சியில் இரண்டரை, மூன்று சென்டிமீட்டர். கடல்குதிரை போலவே இதன் கண்களும் தனித்தனியாகச் சுழலும். செடி இலையின் அடியில் ஒரு நத்தையைப் பார்த்ததும் வாலை மடித்துக்கொண்டு அந்தரத்தில் நின்று, தலையை அப்படியும் இப்படியும் சாய்த்து அளந்து, பிறகுதான் கடிக்கும். குதிரையிடம் தேடிய காட்சி இங்கே நாளுக்குப் பல முறை கிடைக்கும்.

உப்பு வேண்டாம். பி.எச். 7 முதல் 8, வெப்பம் 24 முதல் 28. மிதமான கடினத் தண்ணீரைத் தாங்கும். போர் தண்ணீரின் டி.டி.எஸ். 500 வாக்கில் இருந்தால் நேரடியாகப் பயன்படுத்தலாம், ஆயிரத்தைத் தாண்டினால் பாதிக்குப் பாதி ஆர்.ஓ. கலக்க வேண்டும். 38 லிட்டரில் ஒரு ஆணும் இரண்டு பெண்ணும். ஆணுக்கு வயிற்றின் நடுவே ஒரு கருங்கோடு, கண்ணுக்குப் பின்னால் சுருக்கம் இருக்கும். இரண்டு ஆணை விட்டால் ஒன்று இன்னொன்றை மூலையிலேயே ஒடுக்கிவிடும். கப்பி, பெட்டா எதையும் கூட விடக்கூடாது. துடுப்பைக் கத்தரித்துவிடும். இந்த உருவத்துக்கு அந்தக் கோபம் கொஞ்சம் அதிகம்தான்.

நைட்ரைட்டை இது சற்றும் தாங்காது. ஆகவே கோமாளிக்குச் சொன்ன அதே பக்குவக் காலம் இங்கேயும் உண்டு. நண்பர் வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்சை உங்கள் தொட்டியில் பிழிந்துவிட்டால் நாட்கள் பாதியாகும். தரைக்குக் கழுவிய ஆற்று மணல் இரண்டு விரற்கடை. மேலே வல்லிஸ்னேரியா, ஹைட்ரில்லா, ஒரு கட்டு ஜாவா பாசி. செடி அடர்ந்து பார்வை மறைந்தால்தான் சண்டை குறையும்.

கடையில் விற்பதில் காட்டில் பிடித்ததும் நிறைய உண்டு. இயற்கையில் இதன் எண்ணிக்கை குறைந்து சர்வதேச சிவப்புப் பட்டியலில் அழிவாய்ப்புள்ள இனமாக இருக்கிறது. பண்ணையில் பொரித்ததைக் கேட்டு வாங்குவது நியாயம், உங்களுக்கும் லாபம். காட்டு மீன் வயிற்றில் புழுவோடு வரும், தின்றும் வயிறு ஒட்டியே இருக்கும். அப்படியானால் லெவாமிசோல் ஹைட்ரோகுளோரைடு என்ற புழு மருந்து லிட்டருக்கு 2 மில்லிகிராம், 38 லிட்டருக்கு 76 மில்லிகிராம். விளக்கை அணைத்துத் துணி மூடி 24 மணி நேரம், பிறகு பாதித் தண்ணீர் மாற்றம், இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை. இதுவும் ஆட்டு மருந்துக் கடையில் தெரிந்த பெயர்தான். ஆனால் வேறு மருந்து கலந்த மாத்திரை வேண்டாம்.

ஸ்கார்லெட் பாடிஸ் அசாம், வடக்கு வங்காளத்து ஓடைகளின் மீன். ஆண் இரண்டு சென்டிமீட்டர், சிவப்பில் நீலக் கோடுகள். அழகில் பஃபரைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். குணமும் சாது, தன் இடத்தில் நின்று வரும் இரையைக் கவ்வும். ஆனால் 20 முதல் 25 டிகிரிதான் இதற்கு வாழ்க்கை, மென்மையான நீரும் வேண்டும். ஆகவே ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை வீடுகளுக்கு இதைத் தைரியமாகச் சொல்லலாம். தர்மபுரி, அரூர், பென்னாகரம் பக்கம் கோடையில் மின்விசிறியை மட்டும் நம்பி வைக்கக் கூடாது. குழாய்த் தண்ணீர் ஒரு பங்கு, ஆர்.ஓ. இரண்டு பங்கு. பெண் மீன் மங்கலாக இருப்பதால் கடைக்குப் பெரும்பாலும் ஆண்களே வந்து சேரும். 38 லிட்டரில் ஒரு ஆண் போதும். பெண் கிடைத்தால் இரண்டு மூன்று சேர்க்கலாம்.

தேனீ கோபி என்றொரு மஞ்சள் கறுப்புக் குட்டியையும் கடைக்காரர் காட்டுவார். இரை உயிருள்ளதாக வேண்டும், நீண்ட நாள் வாழக் கொஞ்சம் கடல் உப்பும் வேண்டும். உப்புத் தொட்டியின் வேலை, நன்னீர்த் தொட்டியின் காட்சி. விட்டுவிடலாம்.

இரை வேலை

பஃபரும் பாடிஸும் குருணைத் தீவனத்தைத் தொடாது. கடல்குதிரைக்குப் பழகியிருக்க வேண்டிய அதே ஆர்ட்டீமியா பொரிப்பு இங்கேயும் உண்டு, ஆனால் நிர்ப்பந்தம் குறைவு. இரண்டு லிட்டர் பாட்டிலைத் தலைகீழாக்கி அடியை வெட்டிவிட்டு, மூடி வழியாக ஏர் குழாய் விடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர், 25 கிராம் கல் உப்பு, ஒரு சிட்டிகை ஆப்ப சோடா, 1 கிராம் ஆர்ட்டீமியா முட்டை. விளக்கு வெளிச்சமும் குமுறும் காற்றும் இருந்தால் 27 டிகிரியில் 24 மணி நேரத்தில் பொரியும். ஓசூர் டிசம்பர் இரவில் 36 மணி கூட ஆகும், பக்கத்தில் ஒரு குண்டு பல்பு எரியட்டும். தர்மபுரி மே மாதத்தில் 33க்கு மேல் போனால் பொரிப்பு விழுந்துவிடும், பாட்டிலை அகலமான தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் நிறுத்துங்கள்.

பொரித்ததும் காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடு மேலே மிதக்கும், குஞ்சு கீழே ஆரஞ்சாகச் சேரும். கீழிருந்து எடுத்து மெல்லிய துணியில் வடித்து நன்னீரில் அலசி ஊட்ட வேண்டும். ஓடு கலந்தால் சின்ன மீனின் குடலை அடைக்கும். இன்னொன்று: கடல் தொட்டியில் குஞ்சு நாள் முழுக்க உயிரோடு நீந்தும், நன்னீரில் சில மணி நேரத்தில் செத்துவிடும். ஆகவே ஐந்து நிமிடத்தில் தீர்கிற அளவுதான் ஒரு வேளைக்கு. மீதியை உப்புத் தண்ணீரோடு ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாளும் சத்தோடு இருக்கும்.

பஃபருக்கு இதைவிட எளிய வழி நத்தை. ஒரு பழைய கண்ணாடி ஜாடி, செடியோடு வந்த நாலு குட்டி நத்தை, வாரம் ஒரு முறை வெந்த கீரை. ஒரு மாதத்தில் எண்ண முடியாது. பஃபரின் அலகு போன்ற பல் தேயவும் நத்தை ஓடு உதவும். கொசுப் புழுவும் அருமையான இரைதான், ஆனால் வீட்டில் வாளி வைத்து வளர்த்தால் டெங்கு ஆய்வுக்கு வரும் நகராட்சிப் பணியாளரிடம் மீன் கதை எடுபடாது. அன்றன்று வடிகட்டி எடுப்பதோடு நிறுத்துங்கள். டாஃப்னியா என்ற நன்னீர்ச் சிற்றுயிர் இரை வழியாக, ஹைட்ராய்டின் நன்னீர் உறவான ஹைட்ரா ஒட்டிக்கொண்டு வந்தால் ஃபென்பெண்டசோலை அவசரப்பட்டு ஊற்ற வேண்டாம். நத்தைப் பண்ணையும் சேர்ந்து காலியாகலாம்.

மூன்று நாள் ஊருக்குப் போவதென்றால், பத்து நத்தையைத் தொட்டியில் விட்டுவிட்டுப் பஃபர் வீட்டைப் பூட்டலாம். கோமாளிக்குத் தானியங்கித் தீவனப் பெட்டி உண்டு, ஆனால் ஆவியாகும் நீரை ஊற்றப் பக்கத்து வீட்டுக்காரர் வர வேண்டும். பாடிஸ் இரண்டு நாள் தாங்கும், அதற்கு மேல் நம்ப வேண்டாம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி நகரங்களுக்கும் அவற்றைச் சுற்றிய சமவெளிக்கும் பீ பஃபர். ஓசூர் மேட்டுக்கு ஸ்கார்லெட் பாடிஸ். வீட்டில் ஆர்.ஓ.வும் இன்வெர்ட்டரும் இருந்து, தினமும் ஆவியான அளவுக்குத் தண்ணீர் ஊற்றச் சலிக்காதவருக்குக் கோமாளி.

வாங்கும்போது

கடைக்காரரிடம் உங்கள் எதிரிலேயே ப்ளட்வார்ம் (சிவப்புப் புழு இரை) போடச் சொல்லுங்கள். பாய்ந்து தின்னாத பஃபரைத் தொடாதீர்கள். பக்கவாட்டில் பார்த்தால் வயிறு உருண்டிருக்க வேண்டும். குழிந்து, முதுகு மேல் கத்தி போல் நின்றால் அது பல நாள் பட்டினி, பெரும்பாலும் தேறாது. பெங்களூருவிலிருந்து தர்மபுரிக்கு மூன்று மணி நேரப் பயணம். தெர்மோகோல் பெட்டி, ஒரு பைக்கு ஒரு பஃபர். ஒன்றாகப் போட்டால் வழியிலேயே கடித்துக்கொள்ளும். வீடு வந்ததும் பையை மிதக்கவிட்டு, மெல்லிய ஏர் குழாயில் முடிச்சுப் போட்டுச் சொட்டுச் சொட்டாகத் தொட்டி நீரை முக்கால் மணி நேரம் கலக்க வேண்டும். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாமல் மீனை மட்டும் ஒரு கோப்பையால் எடுத்து விடுங்கள். வலையில் தூக்கினால் பயத்தில் உடலை ஊதிக்கொள்ளும், காற்றை விழுங்கிவிட்டால் மேலேயே மிதந்துகொண்டிருக்கும். அன்று விளக்கும் வேண்டாம், இரையும் வேண்டாம். மறுநாள் காலை நாலு நத்தை போதும்.